வெள்ளை மவுஸில் செல்லக்கிளியின் இடது கை

1

இந்தக் கதை ஒரு மவுஸிலிருந்து வந்தது. என் மற்றக் கதைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பேருந்தில் பார்த்த ஒரு முகம், கல்யாண வீட்டில் காதில் விழுந்த ஒரு பேச்சு என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அறுபத்தொரு மாத நாவல் எழுதியவளிடம் அப்படிச் சில பதில்கள் கைவசம் இருக்கும். இதற்கு அந்த வசதி இல்லை.

என் மகள் சரண்யாதேவிக்கு ஆவணியில் கல்யாணம். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் வந்தவள் தன்னுடைய பழைய லேப்டாப்பையும் அதற்கான மவுஸையும் தூத்துக்குடி மில்லர்புரம் வீட்டில் எனக்காக வைத்துவிட்டுப் போனாள். என் பழைய கம்ப்யூட்டர் இரைந்து இரைந்து ஓடி ஒருநாள் நின்றுபோயிருந்தது. அந்த மவுஸ் வெள்ளையாக, பாதி தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். பொத்தான் கிடையாது. நடுவில் கோடு கிடையாது. உருட்டுகிற சக்கரமும் கிடையாது. மேலே விரல் எங்கே படுகிறது என்பதை அதுவே உணர்ந்துகொள்ளும் என்று மகள் சொன்னாள். உணர்ந்துகொண்டது. நான் ரைட் கிளிக் செய்ததை மட்டும் உணரவே இல்லை.

உங்களுக்கு இது சின்ன விஷயம். எனக்கு இருபத்திரண்டு வருடமாக நடுவிரல் தானாகச் செய்துவந்த வேலை. தப்பான சொல்லின் மேல் ஒரு ரைட் கிளிக், ஒரு மெனு இறங்கும், சரியானதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மூன்று நாள் அமுக்கிப் பார்த்தேன். மெனு இறங்கவில்லை. மகளுக்குப் போன் போட்டால், செட்டிங்ஸில் பாரும்மா, மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாள். அதனால் லேப்டாப்பைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு ஜீவமணி அண்ணாச்சியின் அச்சகத்துக்குப் போனேன். அவர் கடையில் இதே மாதிரி வெள்ளை மவுஸ் வந்திருப்பதைப் பார்த்திருந்தேன்.

கதை மவுஸிலிருந்து வந்தது என்பது பாதி உண்மை. மீதியை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அப்புறம் அந்த அச்சகத்தில் வேலை பார்க்கும் செல்லக்கிளியைப் பார்க்கமாட்டீர்கள்.

தொடக்கங்கள்:

[துறைமுகத்தில் சங்கு ஊதியபோது செல்லக்கிளி தன் வலது கையையே பார்த்துக்கொண்டு]

வேண்டாம். அந்த அச்சகத்தில் உட்கார்ந்தால் எந்தச் சங்கும் கேட்காது. கீழே அச்சு மிஷின் ஓடுகிறது, மேலே பழைய ஏசி முனகுகிறது.

[கடற்காற்று அவளுடைய கூந்தலை]

இருபது நாவல்களிலாவது இதை எழுதியிருப்பேன். ஆடி மாதத்தில் தூத்துக்குடிக் காற்று கூந்தலை வருடாது. கண்ணில் மண்ணை அள்ளிப் போடும்.

[செல்லக்கிளிக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது வேலை. அவளுடைய வலது கை]

இது பரவாயில்லை. அலங்காரம் இல்லாமல் இருக்கிறது. இதிலிருந்து போகலாம்.

2

திங்கட்கிழமை காலை. கடையில் கூட்டம் இல்லை. செல்லக்கிளி என் லேப்டாப்பை வாங்கித் தன் மேசையில் வைத்தாள். செட்டிங்ஸைத் திறந்தாள், மவுஸ் என்ற இடத்துக்குப் போனாள், செகண்டரி கிளிக் என்றிருந்த வரியைக் காட்டினாள், ரைட் கிளிக்குக்கு அதில் அதுதான் பெயராம். அது அணைந்து கிடந்தது. வாங்கி வரும்போதே சிலதில் இப்படித்தான் இருக்கும் என்றாள். அதைத் தொட்டதும் இரண்டு வழி காட்டியது. வலது பக்கத்தில் கிளிக் செய்யலாம். இடது பக்கத்திலும் கிளிக் செய்யலாம்.

எனக்கு வலது பக்கம் வைத்துக் கொடுத்தாள். கிளிக் செய்தேன். மெனு வரவில்லை.

மறுபடி செய்தேன். வரவில்லை. செல்லக்கிளி குனிந்து என் விரல்களைப் பார்த்தாள்.

"அந்த விரலத் தூக்குங்கக்கா."

"எந்த விரல?"

"ஆள்காட்டி விரல. அது சும்மாதான் கெடக்குன்னு நீங்க நெனைக்கிய. மவுஸுக்கு அது தெரியாது. ரெண்டு விரலும் மேல கெடந்தா சாதா கிளிக்குன்னு எடுத்துக்கிடும்."

தூக்கினேன். நடுவிரலால் மட்டும் அமுக்கினேன். மெனு இறங்கியது. மூன்று நாள் நான் அமுக்கியது சரியான இடம்தான். இன்னொரு விரலை எடுக்காமல் இருந்ததுதான் பிழை. பழைய மவுஸில் இரண்டு விரலையும் எப்போதும் மேலேயே போட்டு வைத்திருப்போம். அப்படிப் பழகிய எல்லாரும் செய்கிற பிழை இது என்றாள். அவசரத்துக்கு இன்னொரு வழியும் சொன்னாள். கீபோர்டில் கன்ட்ரோலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மவுஸில் சாதாரணமாக கிளிக் செய்தாலும் அதே மெனு வருமாம்.

(இந்த விரல் விஷயத்தை வைத்து ஓர் உவமை செய்யமாட்டேன். ஒருவர் கையை எடுத்தால்தான் இன்னொருவர் அமுக்குவது தெரியும், தாம்பத்தியமும் அப்படித்தான் என்று எழுதினால் என் வாசகிகள் நாலு பேர் அடிக்கோடு போடுவார்கள். எனக்கு அலுத்துவிட்டது. வேண்டுமென்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள்.)

நான் கவனித்தது வேறு. அவளுடைய மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருந்தது. இத்தனையையும் இடது கையால்தான் செய்தாள். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது.

3

கரண்ட் போனது. நாங்கள் பேசியது அந்தக் கால் மணி நேரத்தில்தான். அவள் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அவள் வரிசையாகச் சொல்லவில்லை.

மாசியிலிருந்து வலது கையில் மூன்று விரல் மரத்துப்போகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். தம்ளர் நழுவுகிறது. தலை பின்ன முடிவதில்லை. மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது, அந்தக் கைக்கு மூன்று மாதமாவது வேலை கொடுக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஆபரேஷன்தான், அதற்கு மேலும் இழுத்தால் அதுவும் பயன்படாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்லக்கிளி அந்த நாற்காலியில் பதினேழு வருடமாக இருக்கிறாள். கல்யாண மாதங்களில் ஒரு நாளைக்கு எட்டு, பத்துப் பத்திரிகை. மூன்று மாதம் லீவு என்று கேட்டால் நாற்காலி போய்விடும். வேறு வேலை தெரியாது.

அப்போதுதான் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் மிஷின் வந்தது, இந்த வெள்ளை மவுஸோடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்து அவளுக்கு யோசனை வந்தது. ஒன்பதரைக்குத் திறக்கிற கடைக்கு எட்டரைக்கே வந்து, செகண்டரி கிளிக்கை இடது பக்கத்துக்கு மாற்றி, இடது கையால் பழகினாள். இடது கையில் ஆள்காட்டி விரல் வலப்பக்கம் விழும், நடுவிரல் இடப்பக்கம் விழும். ஆகவே எல்லாம் தலைகீழ். முதல் வாரம் தூக்க வேண்டிய விரலை மறந்துவிடுவாள். மெனு இறங்குவதற்குப் பதிலாகப் படம் நகர்ந்துவிடும். ஒருநாள் உச்சியில் இருக்க வேண்டிய பிள்ளையார் சரிந்து இறங்கி, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தாய்மாமன்களோடு உட்கார்ந்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது சிரித்தாள். நல்ல சிரிப்பு.

ஆறு வாரத்தில் கை பழகிவிட்டது. வலது கையின் வேகத்தில் முக்கால் வேகம் வந்துவிட்டது என்றாள். புது மிஷினுக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டிருந்தார். அவளும் திருத்தவில்லை.

"ஆவணி மட்டும் தாண்டிட்டா போதும்க்கா. கை சரியாயிரும்."

[அவள் கண்களின் ஓரம்]

இல்லை. கண்களின் ஓரத்தில் எதுவும் இல்லை. கரண்ட் வந்தது. வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

4

இந்த இடத்தில் கணவன் வரவேண்டும். என் கதைகளில் நான்காம் அத்தியாயத்தில் கணவன் வருவான். செல்லக்கிளியின் வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. பெயர் மாரிராஜ் என்றும் துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டுகிறார் என்றும் தெரியும். மிச்சத்தை நான்தான் செய்ய வேண்டும்.

முதல் மாரிராஜ்: [வேலை முடிந்து வந்தவன் அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, நல்லெண்ணெய் தடவி, "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று] — இவனை அறுபத்தொரு முறை எழுதியாகிவிட்டது. எனக்கே இவன் மேல் நம்பிக்கை போய்விட்டது.

இரண்டாம் மாரிராஜ்: [குடித்துவிட்டு வந்து "கையில என்ன கேடு ஒனக்கு" என்று] — இவனும் பழையவன்தான். முதல் மாரிராஜைக் கழற்றித் திருப்பிப் போட்டது. அந்த மனிதரைப் பார்க்காமலே இப்படி எழுதினால் அது பாவம்.

உண்மையில் அவள் சொன்னது இரண்டே வரி. வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"சொல்லல. அவரும் கேக்கல. ஈரத்துணியப் பிழியுறத மட்டும் இப்ப அவரே பாத்துக்கிடுதாரு."

ஏன் என்று கேட்கவில்லையா என்றேன். எதற்குக் கேட்கவேண்டும் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

நான் நாவல் நாவலாகத் தேடிக்கொண்டிருந்த கணவன் அந்த ஒரு வரியில் இருக்கிறார். அதனால் அவரை அப்படியே விட்டுவிடுகிறேன். துறைமுக வாசலில் வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு இருக்கட்டும். இந்தக் கதையின் வில்லன் அவர் இல்லை. மீட்பரும் இல்லை. அந்த இரண்டு வேலைக்கும் ஆள் என் வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

5

மீதி உண்மை இதுதான். வியாழக்கிழமை நான் அந்தக் கடைக்கு மறுபடியும் போனேன். கதாசிரியையாகப் போகவில்லை. பெண்ணின் அம்மாவாகப் போனேன்.

மாப்பிள்ளை சுடலைக்கண்ணனின் அம்மா அருணாசலவடிவு மைனி (சம்பந்திகள் நாங்கள் ஒருவருக்கொருவர் மைனிதான்) ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்திருந்தார். வயல், நெல், வீடு என்று அறுபத்திரண்டு வயதிலும் எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறவர். கையில் மஞ்சள்தூள் பொட்டலம். அண்ணாச்சி கடையில் பத்திரிகையின் முதல் நகலை மிஷினிலிருந்து எடுத்ததும் குடும்பத்தார் அங்கேயே நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். அதற்கு முன்னால், ஆபரேட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, சாமி படம் ஏறுவதிலிருந்து தாய்மாமன் பெயர் வரை திரையில் பார்ப்பார்கள். ஒவ்வொரு எழுத்து விழும்போதும் யாராவது ஒருவர் வாய்விட்டுப் படிப்பார்.

செல்லக்கிளி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இடது கையை மவுஸில் வைத்தாள். குலசாமி பெயரை அடித்து முடித்து, பிள்ளையார் படத்தைக் கொண்டுவந்தாள்.

"ஏளா, எந்தக் கையில அடிக்கே?"

மைனியின் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

"ரெண்டு கையும்தான்ம்மா. மவுஸு மட்டும் இந்தப் பக்கம்."

"பிள்ளையார இடது கையிலயா தூக்கி வைக்க?"

அண்ணாச்சி எழுந்து வந்தார். புது மிஷினில் அப்படித்தான் என்றார். வலது பக்கம் வைக்க முடியாதா என்று மைனி கேட்டார். வைக்கலாம் என்பது அண்ணாச்சிக்கும் தெரிந்தது, ஏனென்றால் கீபோர்டின் வலது பக்கத்தில் மேசை காலியாகக் கிடந்தது. அவர் செல்லக்கிளியைப் பார்த்தார். செல்லக்கிளி என்னைப் பார்த்தாள். அந்த அறையில் அவளுடைய கையைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

[நான் எதுவும் சொல்லவில்லை.] — இது எனக்குச் சாதகமான பொய்.

[நான் என்ன சொல்வதென்று தெரியாமல் திகைத்து] — இதுவும்.

நான் சொன்னது இது:

"இன்னைக்கு ஒருநா மட்டும் வலது கையில பண்ணிரு செல்லக்கிளி. நல்ல காரியம் பாரு."

அவள் சரி என்றாள். மவுஸை வலது பக்கம் எடுத்து வைத்தாள். செட்டிங்ஸைத் திறந்து, செகண்டரி கிளிக்கை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றினாள். ஏதோ பத்திரிகை வேலைதான் நடக்கிறது என்று மைனி நினைத்துக்கொண்டார்.

பிள்ளையார் படத்தைக் குத்துவிளக்குக் கோலத்துக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். அதற்கு மெனு இறங்க வேண்டும். செல்லக்கிளி நடுவிரலால் அமுக்கினாள். ஆள்காட்டி விரல் எழவில்லை. எழச் சொல்லி அவள் சொல்வது தோளில் தெரிந்தது, விரலுக்குப் போய்ச் சேரவில்லை. மெனு வரவில்லை, படம் நகர்ந்தது. இரண்டாம் முறை கை இழுத்த இழுப்பில் பிள்ளையார் மணமக்கள் பெயருக்கு நடுவே வந்து நின்றார்.

"பிள்ளையாரு ஏன் எறங்கி வாராரு?"

"எடம் பாக்காரும்மா," என்றாள் செல்லக்கிளி.

மைனிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் செல்லக்கிளியின் இடது கை கீபோர்டுக்குப் போனதை நான் பார்த்தேன். சுண்டுவிரலால் கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டாள். வலது கையால் சாதாரணமாக ஒரு கிளிக். மெனு இறங்கியது. பிள்ளையார் விளக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். இடது கை கீபோர்டில் இருப்பதை யாரும் குறைசொல்வதில்லை.

அப்படியே நாற்பது நிமிடம். ஒவ்வொரு கிளிக்கும், அவள் இத்தனை நாளாகக் காப்பாற்றி வைத்திருந்த மணிக்கட்டில். முதல் நகல் வந்தது. மைனி மஞ்சள் தடவினார். செல்லக்கிளிக்கும் ஒரு டீ சொல்லச் சொன்னார். அவள் அதை இடது கையால் வாங்கிக் குடித்தாள். வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

6

ஆட்டோவில் திரும்பும்போது மைனி தானாகப் பேசினார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்தபோது பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரே விட்டுப்போய், திரும்ப அடித்தார்களாம். பதினோரு மாதத்தில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். இப்போதும் ஸ்ரீவைகுண்டத்தில்தான் இருக்கிறாள்.

"அந்தத் தடவ நான் ஒண்ணயும் பாக்கல மைனி. எல்லாத்தயும் ஆம்பளைய கையில விட்டுட்டேன். இந்தத் தடவ ஒண்ணொண்ணா பாக்கேன்."

இதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு வசதி. அருணாசலவடிவு என்று ஒரு மாமியாரைச் செய்து, என் பழியையும் அவர் தலையில் வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட மாமியார்களை நான் மொத்தமாகச் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் ஆட்டோவில் அவர் முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு பேசியதைக் கேட்ட பிறகு அது நடக்காது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அண்ணாச்சி போன் செய்தார். இரண்டு விஷயம். ஒன்று, சம்பந்தி வீட்டில் தாய்மாமன் வரிசையை மாற்றச் சொல்கிறார்கள், நாளைக்குப் பதினொரு மணிக்கு வந்து கூட இருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார். இன்னொன்று செல்லக்கிளி பற்றியது. நேற்று அவள் கையை அவரும் பார்த்துவிட்டார். சாயங்காலம் கேட்டிருக்கிறார், அவளும் சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அவர் கோயிலுக்குப் போகிறவரும் இல்லை, மாதா கோயிலுக்குப் போகிறவர். மாதா திருவிழா நோட்டீஸை எந்தக் கையால் அடித்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் ஆவணிப் பத்திரிகைகள் இனிமேல்தான் வரும். ஒரு வீட்டார் சொன்னால் அடுத்த வீட்டாருக்கும் மனதில் விழுந்துவிடும் என்றார். ஜெப்ஸி என்று ஒரு பெண்ணைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வலது கைக்காரி.

"செல்லக்கிளிய நிப்பாட்ட எனக்கு மனசில்லம்மா. நாளைக்கு உங்க சம்பந்தி இடது கைக்குச் சரின்னுட்டா நான் ஜெப்ஸிய வர வேண்டாம்னுருவேன். வாறவங்ககிட்ட, இன்னார் வீட்டுப் பத்திரிகையே இந்தக் கையிலதான் ஆச்சுன்னு தைரியமாச் சொல்லுவேன். நீங்க பேசுனாத்தான் அவங்க கேப்பாங்க."

நல்ல மனிதர். பொறுப்பை எவ்வளவு மரியாதையாக என் மேசையில் வைத்துவிட்டார்.

ஆகவே முடிவுகள்:

அ. நான் பேசுகிறேன். மைனி கண் கலங்கி, செல்லக்கிளியின் இடது கையைப் பிடித்து, "இந்தக் கையி நல்லா இருக்கணும்" என்கிறார். பின்னணியில் மேளம். என் பதிப்பாளருக்கு இது பிடிக்கும். ஆட்டோவில் பேசிய அந்த அம்மாளை நினைத்தால் இது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓர் உரையாடலில் தீர்கிற பயம் இல்லை அது.

ஆ. நான் பேசவில்லை. செல்லக்கிளி நேற்றுப்போலவே வலது கையை மவுஸில் வைத்து, இடது சுண்டுவிரலால் கன்ட்ரோலை அமுக்கி, ஆவணி முழுவதும் எல்லார் வீட்டுப் பிள்ளையாரையும் ஏற்றி இறக்குகிறாள். கை கெட்ட பிறகு ஜெப்ஸி வருகிறாள். இதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நடப்பதற்கு இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இ. நான் பேசுகிறேன். மைனி பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். பெண்ணின் அம்மா ஆபரேட்டர் பக்கம் பேசினாள் என்பது நான் வீடு திரும்பும் முன்பே ஸ்ரீவைகுண்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. கல்யாணம் நடக்கும். ஆனால் சரண்யாதேவி அந்த வீட்டில் இருக்கப்போகிற எல்லா வருடங்களிலும் ஏதாவது ஒன்று உடையும்போது இந்தப் பத்திரிகை ஞாபகத்துக்கு வரும். மகளிடம் போனில் கேட்டேன். "நீ என்ன நெனைக்கியோ அதச் செய்ம்மா" என்றாள். அம்மாவின் நாவல்களைப் படிக்காத பெண். படித்திருந்தால் எனக்குத் தெளிவாக ஒரு வசனம் கொடுத்திருப்பாள்.

ஈ. [பத்திரிகையை வேறு கடையில்] — இதை எழுதக் கை வந்ததே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அழிக்காமல் விடுகிறேன்.

(நாளை மவுஸ் இடது பக்கம் இருந்தால், மைனியின் மகளுக்கு நடந்தது மகனுக்கும் நடந்துவிடுமா? நடக்காது என்று எனக்குத் தெரியும். மைனிக்கும் பாதி தெரியும். தெரிவது ஒரு பக்கம் இருக்க, பார்க்காமல் விட்டோமே என்று பதினோரு மாதத்துக்கு அப்புறம் நினைக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி.)

7

மத்தியானத்திலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் பகுதியை முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, என் மவுஸிலும் செகண்டரி கிளிக்கை இடது பக்கத்துக்கு மாற்றினேன். மவுஸை இடது பக்கம் வைத்தேன். ஆறாம் பகுதியிலிருந்து திருத்தங்கள் எல்லாம் இடது கையால்தான். அம்பு நான் போகச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. தூக்க வேண்டிய விரலைத் தூக்க மறந்தேன். ஒரு பத்தி தானாகத் தேர்வாகி, எப்படியோ அழிந்து, திரும்ப எடுக்க முடியாமல் போனது. அதில் என்ன எழுதியிருந்தேன் என்று இப்போது சரியாக ஞாபகமில்லை. என்னைப் பற்றி நல்லதாக ஏதோ எழுதியிருந்தேன்.

மூன்று மணி நேரத்தில் என் கை வலிக்கிறது. இது ஆரோக்கியமான கை. செல்லக்கிளி இதை ஆறு வாரம், தினமும் ஒரு மணி நேரம், கடை திறக்கும் முன்னால், யாரும் பார்க்காதபோது செய்தாள். நான் அதை ஒரே வாக்கியத்தில், நல்ல காரியம் பாரு என்று சொல்லி, ஓரமாக எடுத்து வைத்தேன்.

அலுப்பாக இருக்கிறது. எழுதி எழுதி வந்த அலுப்பு இல்லை. எல்லா வீட்டிலும் எல்லாரும் சேர்ந்துவிடுவதாக இருபத்திரண்டு வருடம் எழுதிவிட்டு, ஒரு அறையில் நாலு பேருக்கு நடுவில் ஒரு வாக்கியம் சரியாகச் சொல்ல வரவில்லை என்கிற அலுப்பு. நாளைக்குச் சொல்வதற்காகப் பத்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன். பத்தும் என் நாவல்களில் யாரோ ஏற்கெனவே பேசியவை. அவர்கள் பேசியபோது எதிரில் இருந்தவர்கள் உடனே மனம் மாறினார்கள், ஏனென்றால் அவர்களையும் நான்தான் எழுதினேன். மைனியை நான் எழுதவில்லை.

அதனால் இந்தக் கதையை முடிக்கவில்லை. முடிவை எங்கேயும் ஒளித்து வைக்கவும் இல்லை. நாளை நடக்கப்போவதில் தெரிந்தவரை எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

சனிக்கிழமை, பதினொரு மணி. ஜீவமணி அண்ணாச்சியின் அச்சகம், மாடி. செல்லக்கிளிக்குப் பின்னால் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அருணாசலவடிவு மைனி, மடியில் பொட்டலம். ஒன்றில் நான். வாசல் பக்கத்து நாற்காலியில் அண்ணாச்சி, செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல். மவுஸ் கீபோர்டின் எந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில், திரைக்குக் கீழே இருக்கிறது. செல்லக்கிளி இன்னும் அதைத் தொடவில்லை. எந்தக் கையால் எடுப்பது என்று யாராவது சொல்வார்கள் என்று, திரையைப் பார்த்தபடி இருக்கிறாள். கேட்கமாட்டாள். திங்கட்கிழமை என் விரலைக் குனிந்து பார்த்தவள், வியாழக்கிழமை என் முகத்தைப் பார்த்தவள், சனிக்கிழமை திரும்பிப் பார்க்கமாட்டாள்.

மைனி என் பக்கம் திரும்புகிறார்.

"என்ன மைனி, ஆரம்பிக்கச் சொல்லலாமா?"

அப்போது நான் சொல்வது:

[                                        ]

நாலாவது நாற்காலி காலியாக இருக்கிறது. அது உங்களுக்கு. எனக்கு முந்தி உங்களுக்கு அந்த வாக்கியம் சொல்ல வந்துவிட்டால், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.